கம்பெனி வாய் திறக்கலாமா? சென்னை நிறுவனங்களுக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

ஒரு பெரிய விவகாரம் வெடித்த மறுநாள் காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நம்ம கம்பெனி சார்பா எதுவும் போடலையா?" உடனே இன்னொருவர், "நமக்கு எதுக்கு வம்பு?" என்பார். ஜல்லிக்கட்டு, காவிரி, நீட், இந்தி, ஆணவக் கொலை, தன்பாலீர்ப்பாளர் உரிமை என்று விஷயம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு குரல்களும் மாறுவதில்லை. பெருங்குடியில் இருநூறு பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனமாக இருக்கட்டும், தி.நகரில் நான்கு மாடி ஜவுளிக்கடையாக இருக்கட்டும், அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையாக இருக்கட்டும், என்றாவது ஒருநாள் முதலாளி இதற்கு ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். விவகாரம் வெடித்த அன்று பதற்றத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது. சாவகாசமாக இருக்கும்போதே யோசித்து வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வழிகள் நான்கு. எதிலுமே வாய் திறக்காமல் இருக்கலாம். நியாயம் என்று படுவதையெல்லாம் நிறுவனத்தின் பெயரிலேயே சொல்லலாம். நிறுவனம் ஒதுங்கி இருக்க, முதலாளி தன் சொந்தப் பெயரில் பேசலாம். அல்லது தன் தொழில் நேரடியாகத் தொடுகிற விஷயங்களில் மட்டும், முதலில் செய்துவிட்டு அப்புறம் பேசலாம். நான் நான்காவதன் பக்கம். ஆனால் மற்ற மூன்றிலும் நியாயம் இருக்கிறது. லேசாகத் தள்ளிவிட முடியாது.

இவற்றை எடை போடும்போது விற்பனை என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது, அடி யார் மேல் விழும் என்பதை. அறிக்கை எழுதுபவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். அதைப் படித்துக் கோபப்படுபவர் வந்து நிற்பது கவுன்டரில் இருக்கும் பெண்ணின் முன்னால். கத்துவது டெலிவரி கொண்டுவரும் தம்பியிடம். போனில் திட்டு வாங்குவது கால் சென்டர் ஊழியர். இவர்கள் யாரையும் கேட்காமல் எடுக்கப்படும் முடிவு, அது பேசும் முடிவானாலும் பேசாத முடிவானாலும், அரைகுறை முடிவுதான்.

பேசாமல் இருப்பது

சென்னையின் பழைய தொழில் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தவை. டி.வி.எஸ்., முருகப்பா போன்ற குழுமங்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று கட்டியிருக்கின்றன. அன்றாட அரசியலில் வாய் திறப்பது அரிது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தொழிற்சாலையில் எல்லாக் கட்சிக்காரரும் எல்லாச் சாதிக்காரரும் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தெரிந்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு இன்கிரிமென்ட் நேரத்தில் ஒரு பயம் வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்டு யாருக்கு என்பதில் எந்த நிறுவனமும் தலையிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பேசாமல் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2018 ஏப்ரலை நினைத்துப் பார்க்க வேண்டும். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்தில் ஆட வந்தது. அணி நிர்வாகம் காவிரிக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல ஆட்டம் நடத்துவதே ஒரு நிலைப்பாடாகப் பார்க்கப்பட்டது. மைதானத்துக்கு வெளியே போராட்டம், உள்ளே செருப்பு வீச்சு. மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 செப்டம்பரில், அதே காவிரிக்காக பெங்களூரில் பணிமனையில் நின்றிருந்த கே.பி.என். பேருந்துகள் எரிக்கப்பட்டன. தமிழ்நாட்டு நிறுவனம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எந்த ஊர்க்காரன் என்பதே சில நாட்களில் ஒரு கட்சி ஆகிவிடுகிறது.

மௌனத்தை அலுவலகத்துக்குள்ளும் சட்டமாக்கப் பார்த்த நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான காயின்பேஸ் 2020 செப்டம்பரில் 'எங்கள் தொழிலோடு சம்பந்தமில்லாத சமூக, அரசியல் விஷயங்களில் இறங்கமாட்டோம்' என்று அறிவித்து, ஒத்துவராதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றது. அறுபது பேர் போல, அதாவது ஊழியர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர், விலகினார்கள், நிறுவனம் தாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் பேஸ்கேம்ப் என்ற சின்ன நிறுவனம் அலுவலகக் கணக்குகளில் அரசியல் பேச்சு கூடாது என்றது; சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேர் வேலையை விட்டார்கள். முன்னதில் நிறுவனம் தன் வாயை மூடிக்கொண்டதுதான் முதன்மையான செய்தி. பின்னதில் ஊழியர்களின் வாயை மூடப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்று கிடையாது. மௌனத்தைத் தேர்ந்தெடுக்கிற முதலாளி, அது தனக்கு மட்டுமான விரதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் ஓ.எம்.ஆரில் ஐ.டி. ஊழியர்கள் ஜல்லிக்கட்டுக்காக மனிதச் சங்கிலியாக நின்றார்களே, அது அவர்களின் குரல். அதை அடக்கும் உரிமை எச்.ஆருக்கு இல்லை.

மௌனத்தில் எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று உண்டு. வெளியே 'நாங்கள் அரசியல் சாராதவர்கள்' என்று சொல்லிவிட்டு உள்ளே கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோதுதான் எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று மக்களுக்குத் தெரிந்தது. பட்டியலில் முதல் இடம் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். முன்பெல்லாம் ஒரு நிறுவனம் தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று கம்பெனிகள் சட்டத்தின் 182ஆம் பிரிவில் வரம்பு இருந்தது. 2017 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. அப்படி எடுத்ததும் செல்லாது என்று அதே தீர்ப்பு சொன்னது. காசோலை போடுவதைவிடப் பெரிய நிலைப்பாடு எது? நன்கொடை கொடுக்கிற நிறுவனம் 'நாங்கள் பேசுவதில்லை' என்று சொல்லிக்கொள்ள முடியாது. மௌனம்தான் உங்கள் வழி என்றால் நன்கொடையிலும் மௌனமாக இருங்கள்.

எல்லாவற்றுக்கும் பேசுவது

இதற்கு நல்ல மனசு வேண்டும், மறுக்கவில்லை. 2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது: முஸ்லிம் குடும்பத்துக்கு மருமகளாக வந்த இந்துப் பெண்ணுக்கு மாமியார் வளைகாப்பு நடத்துகிறார். அழகான, அன்பான விளம்பரம். தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டன், டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது. நமக்கு அன்னியம் கிடையாது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே விளம்பரம் போய்விட்டது. காரணமாக அவர்கள் சொன்னவற்றில் ஒன்று ஊழியர்கள், கடைப் பணியாளர்களின் நலன். அந்தக் காரணத்தை நான் நம்புகிறேன், மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை விளம்பரம் எடுப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். கடையில் நிற்பவர்களைக் கேட்டிருந்தால், காவலுக்கு ஏற்பாடு செய்திருந்தால், எந்தக் கிளையில் என்ன நடக்கலாம் என்று யோசித்திருந்தால், ஒருவேளை நின்றிருக்கலாம். பின்வாங்கியதில் அந்த விளம்பரத்தைப் பார்த்து மகிழ்ந்த குடும்பங்களுக்குக் கிடைத்த செய்தி, அது வராமலே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் கசப்பானது.

அதற்கு முந்தைய வருடம் சர்ஃப் எக்செலின் ஹோலி விளம்பரத்துக்கும் இதே மாதிரி எதிர்ப்பு வந்தது. முஸ்லிம் சிறுவன் வெள்ளை உடை கறைபடாமல் தொழுகைக்குப் போக, ஒரு சிறுமி எல்லா வண்ணத்தையும் தன்மேல் வாங்கிக்கொள்கிற கதை. கோபத்தில் சிலர் பெயரைக் குழப்பிக்கொண்டு மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலிக்கே ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். இந்துஸ்தான் யூனிலீவர் விளம்பரத்தை எடுக்கவில்லை. புயல் ஓய்ந்தது. சோப்புத்தூள் மளிகைக்கடை அலமாரியில் மற்ற பொருட்களோடு இருக்கிறது. அதற்கென்று தனிக் கடை இல்லை, தனிக் கவுன்டர் இல்லை. நகைக்கடைக்கு இரண்டும் உண்டு. ஒரே மாதிரி விளம்பரம், ஒரே மாதிரி எதிர்ப்பு, வேறு வேறு முடிவு. பெரும்பகுதி காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாதிவழியில் திரும்புவது எவ்வளவு கெடுதல் என்பதற்கு அமெரிக்காவின் பட் லைட் பீர் போதும். 2023 ஏப்ரலில் ஒரு திருநங்கைப் பிரபலத்தோடு சின்னதாக ஒரு விளம்பரம். ஒரு பக்கம் புறக்கணிப்பு தொடங்கியது. நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் பிடித்த மாதிரி பேசப் பார்த்தது. அந்தத் திருநங்கைக்கு ஆதரவாக நிற்கவும் இல்லை. கடைசியில் திருநர் உரிமை அமைப்புகளும் கோபப்பட்டன, எதிர்ப்பாளர்களும் திரும்பி வரவில்லை. அந்த நாட்டில் அதிகம் விற்கும் பீர் என்ற இடம் அந்த வருடமே பறிபோனது. தனியாக மாட்டிக்கொண்டது அந்தப் பெண்தான்.

இங்கே சென்னையிலும் ஜூன் மாதம் வந்தால் பன்னாட்டு நிறுவனங்களின் லோகோவில் வானவில் வந்துவிடுகிறது. தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு இது அதிகமானது. அலுவலகத்தில் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள முடியாமல் இருக்கும் ஓர் இளைஞருக்கு அந்த லோகோ ஆறுதல் தரும் என்பதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் கேலிக்கு ஆளாகும்போது யாரிடம் போய்ச் சொல்வது, அவருடைய துணைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, திருநங்கை ஒருவர் வேலைக்கு வந்தால் எந்தக் கழிப்பறை என்பதற்கெல்லாம் பதில் இல்லாத அலுவலகத்தில் லோகோ மட்டும் மாறுவது அவருக்குப் பொய் நம்பிக்கை தருவது.

எந்த நிலைப்பாட்டையும் எடுக்கலாம் என்பதும் கிடையாது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், தி.நகரில் ஒரு பேக்கரி தங்களிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று விளம்பரம் செய்தது. உரிமையாளர் கைதானார். அது சரியான நடவடிக்கை. பேசும் உரிமை என்ற பெயரில் ஒரு சமூகத்தையே வாசலுக்கு வெளியே நிறுத்த முடியாது.

முதலாளி தன் பெயரில் பேசுவது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2020இல் ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சென்னையில் ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொள்வது பற்றி ட்விட்டரில் பெரிய சண்டை நடந்தது. ஜோஹோவைப் புறக்கணிப்போம் என்று ஒரு கூட்டம், வாங்குவோம் என்று இன்னொரு கூட்டம். எதிர்ப்புக்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். நிறுவனம் அதன்பிறகும் வளர்ந்தது. அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. தன் பெயரில், தன் பொறுப்பில் பேசுகிறார். இதில் ஒரு நேர்மை உண்டு. ஆனால் முதலாளியின் முகமே நிறுவனத்தின் முகமாக இருக்கும் இடத்தில் 'இது என் சொந்தக் கருத்து' என்ற வரியை யாரும் படிப்பதில்லை. அவரோடு உடன்படாத ஊழியரிடமும் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும், நன்றாக வேரூன்றிய நிறுவனம் இதைத் தாங்கும். ஐம்பது பேர் நிறுவனத்தில் முதலாளி பேசுவதும் நிறுவனம் பேசுவதும் ஒன்றுதான். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வழி இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தன் வாசலில் இருந்து பேசுவது

2023 மார்ச்சில் தயிர் உறையில் 'தஹி' என்பதைப் பிரதானமாக அச்சிட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னபோது ஆவின் அதை எதிர்த்தது, மாநில அரசும் எதிர்த்தது. மார்ச் 30 அன்று ஆணையம் உத்தரவைத் திருத்தியது. ஆவின் மொழிக் கொள்கை பற்றி நாட்டுக்கு உபதேசம் செய்யத் தேவைப்படவில்லை. தன் உறை, தன் வாடிக்கையாளர், தன் பொருள். அதில் பேச அதற்கு முழு உரிமை இருந்தது. கூட்டுறவு அமைப்பு என்பதால் அரசு பின்னால் நின்றது உண்மைதான். இருந்தாலும் நான் சொல்லும் நான்காவது வழியின் வடிவம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

மறுபக்கம் ஸொமாட்டோ. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம், இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று அதன் சேவை ஊழியர் சாட்டில் சொன்னார். தமிழகமே கொதித்தது. நிறுவனம் தமிழில் மன்னிப்புக் கேட்டது, அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்தது, சில மணி நேரத்தில் திரும்பச் சேர்த்தது. தமிழில் செயலியும், கோயம்புத்தூரில் சேவை மையமும் தயாராகி வருவதாகச் சொன்னது. அந்தக் கடைசி இரண்டும்தான் விஷயமே. வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் பதில் சொல்ல ஆள் வைத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. மொழி பற்றி நிலைப்பாடு எடுக்க விரும்பும் நிறுவனத்துக்கு அறிக்கையைவிடக் கால் சென்டரில் தமிழ் பேசும் ஆள் முக்கியம்.

சென்னைக்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஒன்று: நிற்பது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளா 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. மார்ச் 8 அன்று பெண்களைப் போற்றி முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற கடைக்கு என் வேண்டுகோள்: அந்த விளம்பரக் காசில் ஸ்டூல் வாங்கிப் போடுங்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். அப்புறம் விளம்பரமும் கொடுங்கள், 'எங்கள் கடையில் ஊழியர்கள் உட்காரலாம்' என்று. அதைவிடத் தைரியமான சமூக நிலைப்பாட்டை தி.நகரில் இப்போது என்னால் யோசிக்க முடியவில்லை.

சொல்லும் செயலும் பிரிந்தால் என்ன ஆகும் என்பது ஸ்ரீபெரும்புதூரில் தெரிந்தது. திருமணமானவர், ஆகாதவர் என்று வேற்றுமை பார்க்கக் கூடாது என்பது ஆப்பிள் தன் சப்ளையர்களுக்கு வைத்திருக்கும் விதி. அங்கே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு காட்டுவதில்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வேலை கேட்டு வாசலில் நிற்கும் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வியில்தான் நிலைப்பாடு தெரியும்.

ஐ.டி. நிறுவனங்களுக்குத் தண்ணீர். 2019 கோடையில் ஓ.எம்.ஆரில் சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது நினைவிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சாலையில் இருக்கும் ஒரு நிறுவனம் சதுப்பு நிலத்தைக் காப்பது பற்றிப் பேசினால் அது அரசியல் என்று யாரும் தள்ள முடியாது. அதன் லாரித் தண்ணீரும் அதன் கழிவுநீரும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. தன் கட்டடத்தின் கணக்கை முதலில் வெளியிட்டுவிட்டுப் பேசினால் எல்லாரும் கேட்டே ஆக வேண்டும்.

இந்த வழியிலும் ஒரு குறை உண்டு. தொழிலைத் தொடாத பெரிய அநியாயங்கள் நடக்கும்போது நிறுவனம் ஒதுங்கித்தான் நிற்கும், அது ஊழியர்களில் சிலருக்கு வலிக்கும். அந்த வலியை மறைக்காமல் அவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும்: இதில் நிறுவனம் அறிக்கை விடாது, காரணம் இது, நீங்கள் உங்கள் பெயரில் பேசலாம், ஊர்வலம் போக லீவு கேட்டால் மற்ற லீவு மாதிரியே பார்க்கப்படும், அதனால் உங்கள் வேலைக்கு எதுவும் ஆகாது. இந்த நாலு வரி எழுத்தில் இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் பாதிச் சண்டை குறையும்.

முடிவு எடுக்கும் அறையில் கிளை மேலாளர் ஒருவரும், வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் ஊழியர் ஒருவரும் இருக்க வேண்டும், பெங்களூரிலோ வேறு மாநிலத்திலோ கிளை இருந்தால் அங்கிருந்தும் ஒருவர். 2024 மார்ச்சில் ஸொமாட்டோ சைவ உணவுக்கென்று பச்சை உடை அணிந்த தனி அணியை அறிவித்து, மறுநாளே பச்சை உடையைக் கைவிட்டது. சிவப்பு உடையில் வருபவர்களை அசைவம் கொண்டுவருபவர்கள் என்று அடுக்குமாடிச் சங்கங்கள் தடுக்கக்கூடும் என்ற பயம்தான் காரணம். வாடகை வீட்டுக்கே 'சைவம் மட்டும்' பலகை தொங்கும் நம் ஊரில், இதை ஒரு டெலிவரி ஊழியர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

இந்தக் கொள்கையை மீறியே ஆக வேண்டிய இடம் ஒன்றிருக்கிறது. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒரு வாடிக்கையாளர் டெலிவரிக்கு வருபவர் இந்து இல்லை என்று ஆர்டரை ரத்து செய்தார். உணவுக்கு மதம் இல்லை என்று ஸொமாட்டோ வெளிப்படையாகப் பதில் சொன்னது. இதனால் வியாபாரம் போனால் போகட்டும் என்ற அர்த்தத்தில் அதன் நிறுவனரும் சொன்னார். அது சரியான பதில். உங்கள் ஊழியரை அவர் சாதிக்காகவோ மதத்துக்காகவோ மொழிக்காகவோ ஒருவர் அவமதித்தால், தொழிலைத் தொடுகிறதா, விற்பனை குறையுமா என்ற எந்தக் கணக்கும் வேண்டாம். முதலில் அந்த ஊழியருக்குப் போன் செய்யுங்கள். அவர் பெயர் வெளியே வரலாமா என்று அவரையே கேளுங்கள், அன்றைய சம்பளத்தில் கை வைக்காதீர்கள், அந்த வாடிக்கையாளருக்கு இனி சேவை இல்லை என்று எழுதி அனுப்புங்கள். அறிக்கையை அதற்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.